ஈரப் படங்குக்கு இரண்டு கிலோ

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவ மாது போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். உடல் பருமன் பற்றிக் கூட்டம் வைக்கிறார்களாம், நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். “உங்க காலத்துல குண்டானவங்களே இல்லையாமே மிஸ்ஸி. அதைப் பத்திச் சொல்லுங்க” என்றாள். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து இரண்டாவது பொரித்த ரோல்ஸை எடுத்தாள். நான் அப்போது மூன்றாவதில் இருந்தேன்.

கூட்டத்தில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேசினால் நடுவில் தேநீர் வரும், முடிவில் கைதட்டுவார்கள். நான் சொல்ல வேண்டியது கைதட்டுகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன், வேண்டுமென்றால் வாசியுங்கள் என்றேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி இறப்பருமாக இருக்கிற தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் மருத்துவிச்சியாக, தோட்டத்து ஆட்கள் வாயில் ‘மிஸ்ஸி’யாக இருந்தேன். பயிற்சி ஒன்றரை வருடம். அதில் பாதி பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றுக்கொண்டேன், பாதி மூத்த தாதிமாருக்குத் தேநீர் ஊற்றக் கற்றுக்கொண்டேன். இரண்டும் பிறகு உதவின.

நான் வேலைக்கு வந்தபோது எங்களுக்கு ஒரே பயம்தான், மெலிவு. கர்ப்பிணி மெலிவு, பிள்ளை மெலிவு, பால் கொடுக்கிறவளும் மெலிவு. நிறை அட்டையில் கீழே இருக்கிற சிவப்பைத்தான் பார்ப்போம். மேலே என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கொழுகொழுவென்று ஒரு பிள்ளை தராசில் உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்தான். கன்னத்தைக் கிள்ளி, “இப்படி வளக்கணும்” என்று வரிசையில் நிற்கிற மற்றத் தாய்மாருக்குக் காட்டுவேன். அவர்கள் என்னை முறைப்பார்கள்.

டிஸ்பென்சரிக்குப் பெரியவர் பண்டார ஐயா. சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், அதுதான் அடையாளம். மழைக்காலத்திலும் வெள்ளைச் சப்பாத்துப் போடுவார். காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தராசைத் துடைத்து, அதன் மேல் ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லை வைப்பார். முள் ஐந்தில் நின்றால்தான் கதவைத் திறக்கச் சொல்வார். ஒரு நாள் முள் ஐந்துக்கு ஒரு நூல் கீழே நின்றது. வெளியே நாற்பது பெண்கள், கொட்டுகிற மழை. அவர் தராசைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டி, மறுபடி கல்லை வைத்தார். அரை மணி நேரம் போயிற்று. வெளியில் அவருடைய பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

நிறுத்து முடித்ததும் என்னைப் பார்த்து “எவ்வளவு?” என்பார். சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து “கீயத?” என்று அதையே சிங்களத்தில் கேட்பார். பிறகு “ஹவ் மச்?” மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் தலையாட்டுவார். மூன்றாவது பதில் மாறிவிட்டால் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், மணி ஒன்பதரையாக இருந்தாலும்.

இனிப் படங்குக்கு வருகிறேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த துணிதான் படங்கு. நனைந்தால் நன்றாகக் கனக்கும். கிளினிக் நாளில் மலையிலிருந்து நேரே இறங்கி, படங்கோடேயே தராசில் ஏறுவார்கள். கழற்றச் சொன்னால் வெட்கப்படுவார்கள், உள்ளே இருக்கிற பாவாடை கிழிந்திருக்கும். கழற்றிக் கட்ட நேரமாகும். நேரமானால் கங்காணி முழு நாள் பேரை அரைப்பேராக்கிப் பாதிச் சம்பளம்தான் போடுவார். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காய்ந்த படங்குக்கு ஒரு கிலோ, ஈரப் படங்குக்கு இரண்டு கிலோ. முள் காட்டுவதில் அதைக் கழித்துவிட்டு அட்டையில் எழுதுவேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இதே பெண்களின் கொழுந்தை மடுவக் கொட்டகையில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிக்காமல் எழுதினால்தான் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். ஒரே வித்தியாசம், மடுவத்தில் கழித்தால் அவர்களுக்கு நட்டம். என் தராசில் கழித்தால் இரண்டு கிலோ மெலிந்து, அட்டையில் சிவப்புக்குள் விழுந்து, சத்துமா இரண்டு பைக்கற்று கூடக் கிடைக்கும். ஆயுசு முழுக்க அவர்களுக்கு எதிராகவே கழித்த தோட்டத்தில் அவர்களுக்காகக் கழித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

பண்டார ஐயாவுக்கு இது தெரிந்துவிட்டது. “மிஸ்ஸி அவர்களே, கழட்டச் சொல்லுங்க. கழிக்க வேணாம்” என்றார். மரியாதையைக் கவனியுங்கள். “சரிங்க ஐயா” என்றேன். அவர் மருந்து அறைக்குள் போனதும் கழித்தேன். அந்தப் பொய்யால் அப்போது யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். படங்கு கட்டுகிறவர்களும் குறைந்துபோனார்கள். இளம் பெண்கள் தையல் ஃபெக்டரிக்கும் டவுன் கடைகளுக்கும் போக ஆரம்பித்தார்கள். கிளினிக்குக்குச் சுரிதாரில், ஜீன்ஸில் வந்தார்கள். என் கை மட்டும் கழிப்பதை நிறுத்தவில்லை. மழையில் வந்தால் இரண்டு, சப்பாத்துக்கு அரை, கைப்பைக்கு அரை. வாய்விட்டுக் கேட்டால் இன்னும் கொஞ்சம்.

கேட்கவும் கேட்டார்கள். பஸாரும் அதற்குள் மாறிவிட்டது. முன்பு ஒரு பேக்கரியும் இரண்டு தேத்தண்ணிக் கடையும் இருந்த இடத்தில் கொத்து ரொட்டிக் கடை, ஃப்ரைட் ரைஸ் கடை, பளபளவென்று விளக்குப் போட்ட பொரித்த கோழிக் கடை. புது அட்டையில் மேல் பக்கமும் நிறம் வந்திருந்தது. மாதக் கிளினிக்குக்கு வருகிற டொக்டர், நிறை கூடினவர்களை எல்லோர் முன்னாலும் ஏசுவார். முன்பு சத்துமா கிடைக்கட்டும் என்று யாருக்குக் கழித்தேனோ அவர்களின் பிள்ளைகள், ஏச்சு விழாமல் இருக்கட்டும் என்று கழிக்கச் சொன்னார்கள். நானும் அதே தாராளத்தோடு கழித்தேன்.

அவர்களில் ஒருத்தி சுபாஷினி. இருபத்தெட்டு வயது. அம்மா இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். புருஷன் ரவிக்குக் கத்தாரில் வேலை. அவள் பஸாரில் அந்தக் கோழிக் கடையில் கவுண்டரில் நின்றாள். தொப்பி, யூனிஃபோர்ம் எல்லாம் உண்டு. ரவி லீவில் வந்துபோனபோதெல்லாம் கரு தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டு தடவையும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். 

மூன்றாவது தடவை அந்த மூன்றாம் மாதம் தாண்டியது. உடனே அவள் இருந்த லயமே, வரிசை வீடு அத்தனையும், அவள் வாய்க்குள் எதையாவது போட ஆரம்பித்தது. மாமியார், “ரெண்டு உசுருக்குத் திங்கணும்” என்றார். கடை முதலாளியை எல்லோரும் நானா என்பார்கள், நல்ல மனிதர், வேலை முடிந்து போகும்போது ஒரு பெட்டி கோழியும் ஒரு போத்தல் சோடாவும் கொடுத்து அனுப்புவார். ரவி தினமும் ஃபோனில், “நல்லா சாப்பிடு” என்றான். அந்தப் பிள்ளை நிற்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசையோ, அவ்வளவும் சாப்பாடாகப் போயிற்று.

ஒரு தடவை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது ரவி ஃபோனில் இருந்தான். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். போகும்போது விளக்குமாறு மாதிரி போனவன், இப்போது முகம் திரைக்குள் அடங்கவில்லை. “சாப்டீங்களா மிஸ்ஸி?” என்றான். அவன் மடியிலும் அதே மாதிரி அட்டைப் பெட்டி. இந்தியாவில் கூடலூருக்குப் போய்விட்ட என் சித்தப்பா மகளும் போன வாரம்தான் இதையே சொல்லியிருந்தாள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் பஸ் ஸ்டாண்டில் பொரித்த கோழி, அவள் மகனுக்குப் பதினான்கு வயதில் அப்பாவின் காற்சட்டை. எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டி முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

ஃபோனை வைத்ததும் சொன்னேன். “கோழியக் கொஞ்சம் கொறைச்சுக்கம்மா. அந்தச் சோடாவும் வேணாம், அது பூராவும் சீனி.”

“ஏங்க மிஸ்ஸி கொறைக்கணும்?”

“ஒடம்புக்கு ஆகாதும்மா.”

அவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. “எங்கம்மா சாகுற வரைக்கும் ரொட்டியும் சம்பலும்தான் தின்னுச்சு. ஆசப்பட்டா தின்னுச்சு? வேற இல்ல, தின்னுச்சு. நான் ஒழைக்கிறேன், எனக்குப் புடிச்சதத் திங்கிறேன். எங்க குடும்பத்துலயே இது வேணும், இது வேணாம்னு சொன்ன மொத ஆளு நான்தான் மிஸ்ஸி. அதையும் கொறைக்கச் சொல்றீங்க.”

 அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன். ஆறரை மணிக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறி வருகிற வழியில் கீரை விற்கிற கடை ஒன்றும் கிடையாது. லயத்தில் விறகு ஈரம், ரொட்டி சுட ஒரு மணி நேரம் ஆகும். சூடாகக் கையில் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். வேறு இல்லை, அம்மா தின்றார். வேறு இல்லை, மகளும் தின்கிறாள். இதை அவளிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வலித்தது, சொல்லவில்லை.

முதல் தடவை அவளை நிறுத்த அன்று நல்ல வெயில். அறுபத்தெட்டு கிலோ, கழிக்காமல் எழுதினேன். ஐந்தாம் மாதம் மழை. “நனைஞ்சு வந்திருக்கேன் மிஸ்ஸி, பாத்துப் போடுங்க. போன தடவ டொக்டர், கடைக் கோழியெல்லாம் நீயே திங்கிறியான்னு கேட்டு, எல்லாரும் சிரிச்சிட்டாங்க” என்றாள். இரண்டு கழித்தேன். ஆறாம் மாதம் மூன்று. ஏழாம் மாதம் தராசு எண்பத்தொன்று காட்டியது, எழுபத்தேழு என்று எழுதினேன்.

ஆறாம் மாதத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். தீபாவளி வியாபாரம், கடையில் லீவு கிடைக்கவில்லை. நிறை வேகமாகக் கூடுகிறவளாக இருந்தால் நான் விட மாட்டேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அட்டையை எடுத்துப் பார்த்தேன். கோடு ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது. “சரி, அடுத்த மாசம் போய்க்கலாம்” என்றேன். ஏழாம் மாதமும் பார்த்தேன், அதையே சொன்னேன். அந்தக் கோட்டைப் போட்டவள் நான். போட்டவளே அதைப் பார்த்து நிம்மதிப்பட்டேன். முப்பது வருடம் வேலை செய்த ஒருத்தி செய்கிற காரியமா இது?

எட்டாம் மாதக் கிளினிக்குக்கு டொக்டர் புது மின்தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். சுபாஷினி ஏறினாள். எண்பத்து நான்கு. டொக்டர் அட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒரு மாசத்துல ஏழு கிலோவா?”

“பொங்கல் வந்துச்சுங்களே டொக்டர்” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “பழைய தராசும் கொஞ்சம் கோளாறுங்க” என்றும் சொன்னேன். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். பண்டார ஐயா துடைத்து வைத்துவிட்டுப் போன அந்தத் தராசு ஒரு நாளும் பிழை சொன்னதில்லை.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சீனி எக்கச்சக்கம். காலையும் மாலையும் ஊசி. என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். அதில் ஆப்பிள், ஓட்ஸ் என்று போட்டிருந்தது. “ஆப்பிள் எங்கங்க மிஸ்ஸி இருக்கு, நாலாம் நம்பர் மலையிலயா?” என்று கேட்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நாள் முழுக்கக் கோழி விற்றாள், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. மாமியாரைக் குரக்கன் ரொட்டி சுட வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். தீபாவளிக்கு முன்னால் சீனி பார்த்துச் சொல்லியிருந்தால் அப்போதே செய்திருப்பாள். அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் செய்தது நான்.

பிள்ளை பெரிதாக இருக்கிறது என்று ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, கடையிலேயே வலி வந்துவிட்டது. நானா தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது ஒப்பரேஷனுக்கு நேரம் இல்லை. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை, நாலு கிலோ நானூறு கிராம். உயிரோடு இருந்தான், அழுதான். இடது கையை ஆட்டினான். வலது கை பக்கத்தில் கிடந்தது.

இப்போது அவனுக்கு ஆறு வயது. வலது கை தோள் வரைக்கும் எழும்பும், அதற்கு மேல் எழும்பாது. இடது கையால் பந்து போடுகிறான். 

ஆனால் அன்று தோட்டமே கொண்டாடியது. எங்கள் தோட்டத்துக்கு அவ்வளவு பெரிய பிள்ளை அதுவரை வந்ததில்லை. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற கிளாக்கரே லயத்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். “எல்லாம் மிஸ்ஸி கைராசி” என்றார்கள். கை தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தபோது என்னைக் கூப்பிட்டு, பாயில் உட்காரவைத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையும் கொடுத்தார்கள். வாங்கினேன். வாங்கின கையோடு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆட்கள் சாப்பிடப் போன பிறகு காம்பரா அறைக்குள் சுபாஷினியும் பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். சேலையைக் கீழே வைத்தேன்.

“உன் அட்டையில நான் கழிச்சு எழுதினேன்ம்மா. கடைசியில நாலு கிலோ. சரியா எழுதியிருந்தா ஒன்னை ஆறாம் மாசமே சீனி பாக்கக் கூட்டிட்டுப் போயிருப்பேன். புள்ள இவ்வளவு பெருத்திருக்காது. கைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

அவள் பிள்ளையின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “நான்தானே கழிக்கச் சொன்னேன்” என்றாள்.

“நீ கேட்ட. எழுதினது நான்.”

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“எனக்கு மட்டுமா மிஸ்ஸி கழிச்சீங்க?” என்று கேட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அந்த ஒரு மாதமும் அந்தக் கையையும் என்னையும் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இல்லம்மா.”

“இப்ப எத்தன பேரு வயித்துல புள்ளையோட இருக்காங்க?”

“ஒம்பது பேரு.”

“ஒம்பது பேருக்கும் கழிச்சிருக்கீங்களா?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். “ஏழு பேருக்கு.”

எழுந்தாள். பிள்ளையை வாசலில் நின்ற மாமியார் கையில் கொடுத்தாள். “டிஸ்பென்சரி சாவி இருக்குங்களா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமைம்மா என்றேன். “தெரியும்” என்றாள். துடக்குக் கழித்த புதுச் சேலையோடு லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினாள். “ஏய், அட்டைய எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கு வா. செருப்பு வேணாம், பேக் வேணாம்.” என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு, “எம் புள்ள கையப் பாத்தல்ல? வா” என்றாள்.

மூன்று மணிக்கு ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். முதல் பெண் தராசில் ஏறினாள். நான் அட்டையையும் பேனாவையும் எடுத்தேன். சுபாஷினி பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். இரண்டையும் கொடுத்தேன்.

“நீங்க வாசிங்க மிஸ்ஸி” என்றாள். “நான் எழுதுறேன்.”